வயல் மண்ணில் தங்கிய பழைய பூச்சிமருந்து மீண்டும் காற்றில் கலக்குமா?

கலக்கும், எவ்வளவு என்பதைப் பெரும்பாலும் மண்ணில் உள்ள மட்கு (மக்கிய கரிமப் பொருள்), வெப்பம் ஆகிய இரண்டும் தீர்மானிக்கின்றன. காற்றுக்கும் கரிமப் பொருளுக்கும் இடையே மருந்து எப்படிப் பங்கிடப்படும் என்பதை மதிப்பிட, மட்குக்குப் பதிலாக ஆக்டனால் என்னும் திரவத்தைக் கொண்டு அளக்கிறார்கள். 25 டிகிரி செல்சியஸில், சமநிலையில், லிண்டேன் என்னும் பூச்சிமருந்தின் செறிவு காற்றைவிட ஆக்டனாலில் பல கோடி மடங்கும், டிடிடியின் செறிவு பல நூறு கோடி மடங்கும் மிகுந்திருக்கும். வெப்பம் ஏற ஏற இந்த விகிதம் வேகமாகச் சரியும். ஆகவே, சம்பா அறுவடைக்குப் பின் தரிசாகக் கிடக்கும் தஞ்சாவூர் வயலைச் சித்திரை வெயில் சுடுகையில், லிண்டேன் அடங்கிய, இந்தியாவில் 1997-இல் தடைசெய்யப்பட்ட பி.எச்.சி. என்னும் பூச்சிமருந்தின் எச்சம் மேல்மண்ணில் இருந்தால், அது காற்றை நோக்கி நகர முனையும்.

இங்கே ஈரத்தை மறந்துவிடக் கூடாது: முற்றிலும் காய்ந்த களிமண் இந்த ஆவியைத் தன் பரப்பில் இறுகப் பிடித்துக்கொள்ளும், வாய்க்கால் நீர் பாய்ந்ததும் நீர் மூலக்கூறுகள் அந்த இடத்தைக் கைப்பற்ற, பிடிபட்டிருந்தது விடுபடும். தொழுவுரம் இட்டு மட்கைப் பெருக்கிய வயலில் இவ்வெளியேற்றம் மெதுவாகவே நடக்கும்.