குரங்குக்கு யார் முடி வெட்டிவிடுகிறார்கள்?

கேள்வி: பேரனுக்கு முதல் மொட்டை போடப் பழநிக்குப் போயிருந்தோம். யானைப் பாதையில் குரங்குகளைப் பார்த்த மூத்த பேத்தி, "இதுங்களுக்கெல்லாம் யார் பாட்டி முடி வெட்டிவிடுறாங்க?" என்று கேட்டாள். சிரித்துச் சமாளித்துவிட்டேன். ஆனால் யோசித்தால் எனக்கே சந்தேகம். குரங்கின் முடி ஓர் அளவோடு நிற்கிறது, நம் தலைமுடி மட்டும் ஏன் வளர்ந்துகொண்டே போகிறது? மொட்டை போட்டால் அடர்த்தியாக வளரும் என்பது உண்மையா? இன்னொன்று, எனக்கு வயது 57. இடுப்பு வரை இருந்த பின்னல் இப்போது தோளுக்குக் கீழே கொஞ்சம்தான் இறங்குகிறது. சத்துக்குறைவா?
- வாசகி, திண்டுக்கல்

பதில்: பேத்தியின் கேள்விக்குள்ளேயே உங்கள் பின்னலுக்கான பதிலும் இருக்கிறது. அதனால் குரங்கிலிருந்தே தொடங்குவோம்.

நம் தலைமுடியும் ஓர் அளவில் நின்றுவிடத்தான் செய்கிறது. என்ன, அந்த அளவு ரொம்பத் தள்ளி இருக்கிறது. தலையில் சுமார் 1 லட்சம் மயிர்க்கால்கள் உண்டு. ஒவ்வொன்றும் 2 முதல் 6 வருடம் முடியை வளர்க்கும். அப்புறம் இரண்டு மூன்று வாரங்களில் சுருங்கி, ஏறக்குறைய 3 மாதம் சும்மா இருக்கும். பிறகு பழைய முடி உதிர, அதே இடத்தில் புதியது கிளம்பும். மாதத்துக்கு 1 செ.மீ. என்று வையுங்கள். இரண்டு வருடம் வளர்கிற முடி 24 செ.மீ. வரும், ஆறு வருடம் வளர்கிற முடி 70 செ.மீ.யைத் தொடும். ஒருவருக்குக் கூந்தல் எவ்வளவு நீளம் வரும் என்பதைத் தீர்மானிப்பது முக்கியமாக இந்த வளரும் காலம்தான். எண்ணெய் விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

கை முடிக்கும் புருவத்துக்கும் இந்தக் காலம் சில வாரங்கள், மிஞ்சினால் சில மாதங்கள். அதற்குள் எவ்வளவு வளருமோ அவ்வளவுதான். பழநிக் குரங்கின் தலையும் முதுகும் இதே கணக்கில் ஓடுகின்றன. எனவே பேத்தியிடம், "உன் புருவத்தை யார் வெட்டிவிடுகிறார்கள்?" என்று திருப்பிக் கேளுங்கள். பியூட்டி பார்லர் போகிற வயது வரும்வரை இந்தப் பதில் செல்லும்.

இன்னொரு விஷயத்தையும் அவளிடம் சொல்லலாம். குரங்குக்கு உடம்பெல்லாம் முடி, நமக்கு இல்லை என்று நினைக்கிறோம். உண்மையில் நம் உடம்பில் மொத்தம் 50 லட்சம் மயிர்க்கால்கள் இருக்கின்றன. அவை எவ்வளவு நெருக்கமாக அமைந்திருக்கின்றன என்று பார்த்தால் நமக்கும் சிம்பன்சிக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. நமக்கு முடி மெலிந்து, நிறம் வெளுத்து, பூனை முடியாகிவிட்டது. குழந்தையின் கன்னத்தை வெயிலில் சாய்த்துப் பார்த்தால் தெரியும்.

ஏன் மெலிந்தது? பலரும் ஏற்கிற விளக்கம் வியர்வை. சிம்பன்சியோடு ஒப்பிட்டால் நம் தோலில் வியர்வைச் சுரப்பிகள் சுமார் 10 மடங்கு நெருக்கமாக இருக்கின்றன. ஆப்பிரிக்கப் புல்வெளியில், கொளுத்தும் வெயிலில் நெடுந்தூரம் நடந்த நம் முன்னோர்களுக்கு உடம்புச் சூட்டை வெளியேற்ற வேண்டியிருந்தது. வியர்வை காய்ந்தால்தான் உடம்பு குளிரும், அடர்ந்த முடிக்குள் அது சரியாகக் காயாது.

அப்படியானால் தலையில் மட்டும் ஏன் விட்டுவைத்தது? நிமிர்ந்து நடப்பவருக்கு உச்சி வெயில் நேராக மண்டையில்தான் இறங்கும். 2023-இல் வெளியான ஓர் ஆய்வில், சூடேற்றிய பொம்மை மனிதன் தலையில் விதவிதமான விக்குகளை மாட்டி, மேலே விளக்கு எரியவிட்டு அளந்தார்கள். எந்த வகை முடியானாலும் மொட்டைத் தலையை விட நல்லதாகவே இருந்தது. நெருக்கமாகச் சுருண்ட முடிதான் வெயில் சூட்டை மிக அதிகமாகத் தடுத்தது. நிழல் கிடைத்தது சரி, இடுப்பு வரை நீள்வானேன் என்று கேட்டால், அழகு, ஆரோக்கியத்தின் அடையாளம் என்றெல்லாம் ஊகங்கள்தான் இருக்கின்றன.

"வளர்ந்தது போதும்" என்று மயிர்க்காலுக்குச் சொல்கிற புரதம் ஒன்றை நன்றாகவே அறிந்திருக்கிறோம். அதன் பெயர் எஃப்ஜிஎஃப்5. இதற்கான மரபணு பழுதானால் பூனைக்கும் நாய்க்கும் நீள முடி வருகிறது. புசுபுசுவென்று முடி தொங்கும் பூனைகளின் ரகசியம் இதுதான். மனிதர்களில் இது பழுதான சில குடும்பங்களில் கண் இமை முடி வழக்கத்துக்கு மீறி நீள்கிறது.

இனி மொட்டை. நேர்த்திக்கடனுக்குப் போடுங்கள், அதில் தலையிட நான் யார்? ஆனால் கத்தி தோலுக்கு மேலே இருப்பதைத்தான் வழிக்கிறது. மயிர்க்கால் உள்ளே இருக்கிறது, அதற்கு மொட்டை அடித்த சேதியே தெரியாது. வெட்டுப்பட்ட முடியின் நுனி மழுங்கி இருப்பதால் தடவும்போது கரடுமுரடாகத் தெரியும், அவ்வளவுதான். பிறகு ஏன் எல்லாரும் நம்புகிறார்கள்? பிறந்த குழந்தையின் முதல் முடி முதல் சில மாதங்களில் தானாகவே உதிரும். பின்னந்தலையில் மொத்தமாக ஓய்வுக்குப் போகும் முடி சேர்ந்தாற்போல் கொட்டி, வழுக்கை விழும். படுத்தே கிடந்ததால் தேய்ந்துவிட்டது என்று நாம் சொல்வதும் இதைத்தான். அதன் பிறகு வருகிற முடி இயல்பாகவே கொஞ்சம் தடிப்பு. சரியாக அந்த வயதில் நாம் மொட்டை போடுகிறோம், பெயர் கத்திக்குப் போகிறது.

உங்கள் பின்னலுக்கு வருகிறேன். வயது ஏற ஏற, முக்கியமாக மாதவிலக்கு நின்ற பிறகு, வளரும் காலம் சுருங்கும். ஆறு வருடம் வளர்ந்த முடி மூன்று வருடத்தில் உதிர்ந்தால் நீளம் பாதிதான். முடியின் தடிமனும் குறையும். 57 வயதில் மெல்ல மெல்ல நடந்திருந்தால் இதை நோயென்று நான் சொல்லமாட்டேன்.

ஆனால் வகிடு அகலமாகிக்கொண்டே போனாலோ, வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, தலைத் தோலில் வலி, அரிப்பு, செதில் இருந்தாலோ தோல் மருத்துவரைப் பாருங்கள். கடும் காய்ச்சலோ அறுவை சிகிச்சையோ கழிந்து இரண்டு மூன்று மாதத்தில் கொத்துக் கொத்தாகக் கொட்டினால் பயப்பட வேண்டாம். நிறைய மயிர்க்கால்கள் ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போனதன் விளைவு அது, பெரும்பாலும் ஆறேழு மாதத்தில் சரியாகும். தினமும் 50 முதல் 100 முடி வரை உதிர்வது கணக்கில் சேராது.

சத்துக்குறைவு சந்தேகம் தீர, ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டு மூன்றையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். முடிக்கென்று கடையில் விற்கும் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவராக இருந்தால், ரத்தம் கொடுக்கும் முன் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள். தைராய்டு ரிசல்ட்டையே அது தவறாகக் காட்டவைக்கக்கூடும், பரிசோதனைக்குச் சில நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்.