கார் வாங்குமுன் கேளுங்கள்: வாகனப் பொறியாளர் பதில்கள்

கேள்வி: புதிய கார் புக் செய்திருக்கிறோம். அண்டர்பாடி கோட்டிங், டெஃப்லான் கோட்டிங் இரண்டும் சேர்த்து 16,000 ரூபாய் என்றும், போடாவிட்டால் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்றும் ஷோரூமில் சொல்கிறார்கள். உண்மையா?
– வாசகி, திருவள்ளூர்

பதில்: உண்மை இல்லை. கார் தொழிற்சாலையின் பெயிண்ட் ஷாப்பை அருகிலிருந்து பார்த்தவன் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன். வெல்டிங் முடிந்த பாடியைக் கழுவி, பாஸ்பேட் பூச்சுக் கொடுத்து, பெயிண்ட் நிறைந்த பெரிய தொட்டியில் முழுவதுமாக முக்கி எடுப்பார்கள். அப்போது செலுத்தப்படும் மின்சாரம், கை நுழையாத இடுக்குகளிலும் மூடிய பகுதிகளின் உட்புறத்திலும்கூடப் பெயிண்டைப் படியவைக்கிறது. பிறகு அதை அடுப்பில் சூடேற்றி, இணைப்புகளில் சீலன்ட் அடைத்து, கல் தெறிக்கும் அடிப்பகுதிக்குத் தனிப் பூச்சும் கொடுத்த பின்னரே மேல் நிறம் ஏறுகிறது. இத்தனை காப்புடன் வரும் வண்டியின் மேல், அண்டர்பாடி கோட்டிங் என்று ஷோரூமின் பின்கட்டில் அவசரமாகத் தெளிக்கும் கறுப்புப் பூச்சு கூடுதலாக எதைக் காத்துவிடும்? கதவைத் திறந்து அதன் கீழ் விளிம்பைத் தடவிப் பாருங்கள், சிறு துளைகள் விரலில் தட்டுப்படும். கண்ணாடி வழியே இறங்கும் மழைநீர் வடிவதற்கென்றே விடப்பட்டவை அவை. கவனமின்றி அடிக்கும் பூச்சு அவற்றை அடைத்துவிட்டால் நீர் உள்ளே தங்கி, துரு அங்கிருந்துதான் தொடங்கும். டெஃப்லான் என்பது சில மாதங்களில் கழுவிப் போய்விடும் மெருகு மட்டுமே. கடலோரத்தில் வசிப்பவர்கள் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் அடிக்கடி கழுவி வந்தாலே பெரும் பயன் உண்டு. ஒரு குடும்பம் பல ஆண்டுகள் சேர்த்த பணத்தோடு வரும்போது, துரு என்ற ஒரு சொல்லைக் காட்டிப் பயமுறுத்தி இப்படி வசூலிப்பதை என்னால் ஏற்கவே முடியவில்லை. வேண்டாம் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: எங்களிடமே இன்சூரன்ஸ் எடுத்தால்தான் டெலிவரி என்று ஷோரூமில் சொல்கிறார்களே?
– வாசகர், ஓசூர்

பதில்: அப்படிக் கட்டாயப்படுத்த அவர்களுக்கு உரிமை இல்லை. அதை எழுத்தில் தரச் சொல்லுங்கள், மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் படம் பார்த்து ஒரு பழைய காருக்கு யுபிஐ மூலம் 40,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டேன். மீட்டரில் 32,000 கிலோமீட்டர் ஓடியதாகக் காட்டுகிறது. நம்பலாமா?
– வாசகர், மதுரை

பதில்: பணம் கொடுக்குமுன் கேட்க வேண்டிய கேள்வியைக் கொடுத்த பின் கேட்கிறீர்கள். இந்தப் பகுதியில் இதைப் பலமுறை எழுதியாகிவிட்டது. மீட்டரைத் திருத்துவது கடினமான வேலை அன்று. கிளட்ச், பிரேக் பெடல்களின் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால், மீட்டர் சொல்வதைவிட அதிகம் ஓடிய வண்டி அது. டயரின் பக்கவாட்டில் டாட் (DOT) என்ற எழுத்துகளோடு தொடங்கும் குறியீட்டின் முடிவில் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3117 என்றால் 2017-ஆம் ஆண்டின் 31-ஆவது வாரத்தில் செய்யப்பட்டது என்று பொருள். நான் வாங்கிய முதல் பழைய காரில் புதிதுபோல் பளபளத்த நான்கு டயர்களும் காலாவதியானவையாக இருந்தன, விற்றவரோ அவை புதியவை என்றார். மீதித் தொகையைக் கொடுக்குமுன் கம்பெனி சர்வீஸ் சென்டருக்கு வண்டியைக் கொண்டுபோய், பதிவு எண்ணை வைத்துப் பழைய சர்வீஸ் விவரங்களைக் கேளுங்கள். அதற்கு விற்பவர் சம்மதிக்காவிட்டால் அந்தக் காரை விட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஒன்பது மாதக் குழந்தையை மனைவி முன் சீட்டில் மடியில் வைத்துக்கொள்கிறார். சைல்ட் சீட் வீண் செலவு என்கிறார் அப்பா.
– வாசகர், கோவை

பதில்: மடியில் வேண்டவே வேண்டாம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் மோதி வண்டி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் நின்றால், ஒன்பது கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த ஏறத்தாழ நூறு கிலோ எடைக்கு இணையான விசை வேண்டும். எந்தத் தாயின் கையாலும் அது முடியாது, மேலும் விரியும் ஏர்பேக் குழந்தையின் மீதே அறையும். பின் சீட்டில், பின்பக்கம் பார்த்தபடி பொருத்தும் இருக்கையை வாங்குங்கள். இசிஇ ஆர்44 அல்லது ஆர்129 என்ற பாதுகாப்புத் தர எண் அச்சிட்ட ஆரஞ்சு நிற லேபிள் அதில் இருக்க வேண்டும். என் மகளுக்கு முதலில் வாங்கிய மலிவான இருக்கையில் அந்த லேபிள் இல்லை, பெல்ட்டை எவ்வளவு இறுக்கினாலும் பக்கவாட்டில் ஆடியது. அதை ஒதுக்கிவிட்டு வேறு வாங்கினோம். உங்கள் அப்பாவிடம் இந்தக் கணக்கைப் பொறுமையாகச் சொல்லுங்கள், பேரப்பிள்ளை என்றால் கேட்பார்.

கேள்வி: கணவர் மறைந்த பிறகு, என் பெயரில் இருந்த காரை ஒரு புரோக்கர் மூலம் விற்றேன். ஆர்.சி. மாற்றித் தருவதாகச் சொன்னவர் இப்போது போனை எடுப்பதில்லை. அபராதச் சலான்கள் எனக்கே வருகின்றன.
– வாசகி, திருச்சி

பதில்: அம்மா, நம்பிக் கொடுத்தவர் நீங்கள், தவறு அவருடையது. ஆனால், பதிவில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருப்பதால், அந்த வண்டி விபத்தில் சிக்கினால் இழப்பீட்டுப் பொறுப்பு உங்கள் மேல் வரக்கூடும். ஆகவே தாமதிக்காதீர்கள். விற்றவர் 14 நாட்களுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது சட்டம். கெடு கடந்திருந்தாலும் விற்பனை விவரத்தையும் உரிமை மாற்றத்தைத் தெரிவிக்கும் படிவம் 29-ஐயும் பதிவு வசதியுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, ஒப்புகையைப் பத்திரப்படுத்துங்கள். பணம் வந்த வங்கிக் கணக்கு விவரம், புரோக்கருடன் நடந்த வாட்ஸ்அப் உரையாடல், கையெழுத்திட்ட டெலிவரி கடிதம் ஆகியவற்றோடு காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது பெறுங்கள். வண்டிக்கு இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்பதைப் அரசின் பரிவாகன் இணையதளத்தில் இன்றே பாருங்கள். புரோக்கர் கட்டணம் வாங்கியிருந்தால் சேவைக் குறைபாடு என்று மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். நீங்கள் கொடுத்த கட்டணம் ஐந்து லட்சத்தைத் தாண்டாததால் மனுவுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.