அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் கல்யாணம்: கேள்வி பதில்

கே: பாஸ்டனில் இருக்கிறோம். நியூபோர்ட் கடற்கரையில் கல்யாணம். வழியில் பிராவிடன்ஸிலேயே லைசென்ஸ் எடுத்துவிடலாமா சார்?

ப: கூடாது. இருவருமே வெளி மாநிலத்தார் என்றால், தாலி கட்டப்போகும் ஊரின் கிளார்க்கிடம்தான் (ஊர் நிர்வாகப் பதிவு அதிகாரி) எடுக்க வேண்டும். அந்த ஊர் எல்லைக்குள் மட்டுமே அது செல்லும். மழை வந்து பக்கத்து மிடில்டவுன் மண்டபத்துக்கு மாறினால் நியூபோர்ட் லைசென்ஸ் வெறும் தாள்தான். ஒருவராவது இம்மாநிலவாசி என்றால் கதை வேறு: அவர் ஊரில் எடுத்து மாநிலம் முழுக்கப் பயன்படுத்தலாம். கட்டணம் 24 டாலர், 3 மாதம் செல்லும், காத்திருப்பு நாள் கிடையாது. சடங்கு நடத்துபவர் தவிர 2 சாட்சிகள் வேண்டும்.

கே: கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) ஆபீஸில் விசாரிக்கச் சொன்னார்களே?

ப: அது மற்ற மாநிலப் பழக்கம். இங்கே வரைபடத்தில் 5 கவுண்டி உண்டு, கவுண்டி அரசாங்கம் கிடையாது. 8 நகரம், 31 டவுன், அதற்கு மேல் நேராக மாநிலம்.

கே: போன வாரம் இங்கேயே விவாகரத்து விசாரணை முடிந்தது. உடனே மறுமணம்?

ப: அவசரப்படாதீர்கள். நீதிபதி அன்று சொல்வது இறுதித் தீர்ப்பு ஆகாது; அதற்குப் பொதுவாகக் குறைந்தது 3 மாதம் ஆகும். அதுவரை சட்டப்படி நீங்கள் மணமானவர். இறுதித் தீர்ப்பின் சான்றிட்ட நகலைத்தான் கிளார்க்கிடம் காட்ட வேண்டும்.

கே: மாமன் மகளைக் கட்டலாமா?

ப: கட்டலாம். அத்தை மகன், மாமன் மகள் உறவுக்கு இங்கே தடையில்லை. அக்கா மகளைத் தாய்மாமன் கட்டுவதுதான் முடியாது. அதில் ஒரு விசித்திரம்: யூதர்களுக்கு மட்டும் அவர்கள் மதம் அனுமதிக்கும் உறவு அளவில் சட்டமே விலக்கு தருகிறது. நம் வழக்கத்தைச் சொல்லி அதைக் கேட்க முடியாது.

கே: பெண்ணுக்கு 17. பெற்றோர் சம்மதம் போதுமா?

ப: போதாது. 2021 முதல் 18, விலக்கே இல்லை.

கே: லைசென்ஸே எடுக்காமல் தம்பதியாக வாழ்ந்தால்?

ப: சேர்ந்து குடியிருந்தால் மட்டும் மணம் ஆகாது. இருவரும் தங்களைக் கணவன் மனைவியாகவே கருதி, ஊராரும் அப்படி நம்பும்படி வாழ்ந்திருந்தால், இம்மாநில நீதிமன்றம் அதை மணமாக ஏற்கும். தகராறு வந்தால் தெளிவான ஆதாரம் கேட்கும்: கூட்டு வரிப் படிவம், வங்கிக் கணக்கு, வீட்டுப் பத்திரம். அப்படி ஏற்கப்பட்டதை முறிக்கவும் முறையான விவாகரத்துதான் வேண்டும்.