ஸ்டுடியோ கைமாறினால், வாங்கிய கேம் என்னவாகும்?

கேள்வி: ஒன்பதாவது படிக்கும் என் மகன், பெருநாள் காசைச் சேர்த்துவைத்து, சின்ன ஸ்டுடியோ ஒன்று செய்த கேமை வாங்கினான். இப்போது அந்த ஸ்டுடியோவை ஒரு பெரிய கம்பெனி வாங்கிவிட்டதாம். கேம் போய்விடுமோ என்று பயப்படுகிறான். இவ்வளவு பெரிய கம்பெனிகள் சின்ன ஸ்டுடியோக்களை ஏன் வாங்குகின்றன?
- ஒரு தாய், கீழக்கரை

பதில்: நம் கரையில் மீன் வியாபாரி படகுக்காரருக்கு முன்பணம் கொடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது அன்றைய மீனுக்கு மட்டும் கொடுக்கும் காசு இல்லை. இனி வரும் பாடு முழுக்கத் தன் கைக்கே வர வேண்டும் என்பதற்காகக் கொடுப்பது. இதுவும் ஏறக்குறைய அதே கணக்குத்தான். உதாரணத்துக்கு, மைக்ரோசாஃப்டுக்கு கேம் பாஸ் என்ற மாதச் சந்தா இருக்கிறது. சந்தா கட்டுகிறவர்கள் விலகாமல் இருக்க, புதுப்புது கேம்கள் வந்துகொண்டே இருக்க வேண்டும். புதிதாக ஆள் சேர்த்துச் செய்தால் வருடக்கணக்கில் ஆகும். தேர்ந்த குழுவையே வாங்கிவிட்டால் கேமின் பெயர், ரசிகர்கள் எல்லாம் சேர்ந்தே வந்துவிடும். மைன்கிராஃப்ட் செய்த மொஜாங்கை 2014இல் 250 கோடி டாலருக்கு வாங்கியது அந்த நிறுவனம்.

விற்கிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒரு கேம் முடிய மூன்று, நான்கு வருடம்கூட ஆகும். அதுவரை வரவில்லாமல் சம்பளம் கொடுக்க வேண்டும். ஆனால் விற்ற பிறகு ஸ்டுடியோவின் ஆயுள் வாங்கியவர் கையில். ஹை-ஃபை ரஷ் கேமை 2023இல் வெளியிட்டு நல்ல பெயர் வாங்கிய டேங்கோ கேம்வொர்க்ஸை, மறுவருடம் மே மாதமே மூடப்போவதாக மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. அப்புறம் கொரியாவின் கிராஃப்டன் அதை எடுத்துக்கொண்டது.

சரி, உங்கள் மகனின் கேம். கைமாறிய அன்றே கேம் மறைந்துபோவது அபூர்வம். சிக்கல் பெரும்பாலும் கேமுக்குள் நுழையும் கணக்கில் (அக்கவுண்ட்) தான் வரும். பழைய மொஜாங் கணக்கை மைக்ரோசாஃப்ட் கணக்காக மாற்ற 2023 செப்டம்பர் 19 கடைசி நாளாக இருந்தது. தவறவிட்டவர்கள் மறுபடி காசு கொடுத்து வாங்க வேண்டியதாயிற்று. காசு கொடுத்து வாங்கிய பொருளுக்கு இப்படிக் கெடு வைப்பது அநியாயம் என்பதே என் கருத்து.

அதனால் கேம் எந்த மின்னஞ்சலில் பதிவாகியிருக்கிறது என்று இன்றே பாருங்கள். வளைகுடாவில் இருக்கும் மாமாவின் மின்னஞ்சலில் வாங்கியிருந்தால், அறிவிப்பு அவருக்குத்தான் போகும். அவர் அதைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார். முடிந்தால் மகன் தினமும் பார்க்கும் முகவரிக்கு மாற்றிவிடுங்கள். வாங்கிய ரசீதை எடுத்துவையுங்கள். கேம் திறக்காமல் போய், கம்பெனியும் பதில் தராவிட்டால், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதியலாம்.