குடும்ப சிகிச்சைப் பயிற்சி – கடிதம்

வணக்கம்,

எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப் பணி முதுகலை) முடித்துவிட்டு ஒரு குடிபோதை மறுவாழ்வு மையத்தில் கவுன்சிலராக இருக்கிறேன். ஆளைத் தனியாக உட்காரவைத்துப் பேசினால் சமாளித்துவிடுகிறேன். மனைவி, அம்மா, மச்சான் என்று சேர்ந்து வந்தால் பத்தே நிமிடத்தில் சண்டையாகிவிடுகிறது. "மேடம் அவ பக்கம்தான் பேசுறாங்க" என்று கணவர் எழுந்து போய்விடுகிறார். இப்போது ஊருக்குள் போய்க் கூட்டம் நடத்தவும் சொல்கிறார்கள். வார இறுதியில் ஆன்லைனில் குடும்ப சிகிச்சைக்கு ஒரு சான்றிதழ் படிப்பு இருக்கிறது. சேரலாமா? நல்ல பயிற்சியை எப்படிக் கண்டுபிடிப்பது?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

பணம் கட்டுவதற்கு முன் அவர்களிடம் ஒன்றை மட்டும் கேளுங்கள்: "நான் ஒரு குடும்பத்தோடு பேசுவதை உங்களில் யாராவது பார்ப்பீர்களா? எத்தனை மணி நேரம்?" இல்லை என்று சொன்னால் அது கோட்பாட்டு வகுப்பு. கோட்பாடும் தேவைதான். ஆனால் உங்கள் சிக்கல் அதில் தீராது.

அறைக்குள் நாலு பேர் இருக்கும்போது நாம் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறோம், யார் பேச்சைப் பாதியில் விடுகிறோம் என்பது நமக்கே தெரிவதில்லை. பிறகு நினைவிலிருந்து எழுதும் குறிப்பிலும் அது வராது. அந்தக் குறிப்பை மட்டும் படித்துவிட்டு ஆலோசனை சொல்பவரால் நீங்கள் கவனிக்காததைப் பிடிக்க முடியாது. குடும்ப சிகிச்சையின் முன்னோடிகளில் ஒருவரான சால்வடார் மினுச்சின் 1960களில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா குழந்தை வழிகாட்டு மருத்துவமனையில் ஒருவழிக் கண்ணாடிக்குப் பின்னால் ஆசிரியர்களை உட்காரவைத்தது இதற்காகத்தான். சிகிச்சை நடந்துகொண்டிருக்கும்போதே அறைக்குள் தொலைபேசி அடிக்கும். "அம்மாவையே பேசவிடாதே, அப்பாவிடம் திரும்பு" என்பது போல ஒரு வரி வரும். திருத்தம் அந்த நிமிடத்திலேயே நடந்துவிடும்.

நம் நாட்டிலும் குடும்பத்தைச் சிகிச்சைக்குள் சேர்ப்பது புதிதல்ல. மனநல மருத்துவர் வித்யா சாகர் 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனை வளாகத்தில் கூடாரம் போட்டு நோயாளிகளின் உறவினர்களைத் தங்கவைத்தார். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957இல் தொடங்கியபோதே குடும்பத்தார் உடன் தங்கும் முறையோடு வந்தது. முழுநேரமாகப் படிக்க வாய்ப்பிருந்தால் பெங்களூருவில் உள்ள தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸில் மனநல சமூகப் பணிக்கு இப்போது என்ன படிப்பு இருக்கிறது என்று விசாரியுங்கள். அங்கே குடும்பங்களுக்கென்றே தனிப் பிரிவு உண்டு.

இனி நீங்கள் எழுதிய, பாதியில் எழுந்து போகும் அந்தக் கணவரின் கேஸ். பெரும்பாலும் நடப்பது இதுதான்: மனைவி முதலில் பேசுகிறார், அழுகிறார். நீங்கள் அவரிடமே அடுத்த கேள்வியையும் கேட்கிறீர்கள். உங்கள் நாற்காலியும் கொஞ்சம் கொஞ்சமாக அவர் பக்கம் திரும்பிவிடுகிறது. கணவரிடம் வரும்போது உங்கள் முதல் கேள்வியே "ஏன் குடிக்கிறீங்க?" என்று விசாரணையாக இருக்கிறது. முதல் பத்துப் பதினைந்து நிமிடம் பிரச்சினையைத் தொடாதீர்கள். வயதில் மூத்தவரிடம் தொடங்கி, வந்த ஒவ்வொருவரிடமும் ஊர், வேலை, எப்படி வந்தீர்கள் என்று இரண்டு வார்த்தையாவது பேசுங்கள். பிறகு ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் கேளுங்கள். மச்சானிடம், "இவர் குடிச்சிட்டு வர்ற அன்னைக்கு வீட்டுல முதல்ல யாரு சத்தம் போடுவாங்க? அப்போ அத்தை என்ன செய்வாங்க?" என்று கேட்டால் குற்றம் சாட்டாமலே வீடு நடக்கும் விதம் வெளியே வரும். இதே கேள்வியைச் சின்னப் பிள்ளையிடம் கேட்காதீர்கள். அப்பாவுக்கு எதிராகச் சாட்சி சொன்னதாக அந்தப் பிள்ளை வீட்டில் மாட்டிக்கொள்ளும்.

மூன்று தலைமுறை ஜெனோகிராம், அதாவது உறவுகளைக் குறியீடுகளால் காட்டும் குடும்ப வரைபடம், போடுவதைப் பலர் விண்ணப்பப் படிவம் நிரப்புவது போல ஃபைலுக்குள் போட்டு மூடிவிடுகிறார்கள். சார்ட் பேப்பரில், அவர்கள் கண் முன்னால், அவர்களையே சொல்லவைத்துப் போடுங்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், இறந்தவருக்குக் குறுக்குக்கோடு, சொந்தத்தில் திருமணம் என்றால் இரட்டைக் கோடு. எந்தெந்தத் தலைமுறையில் குடி இருந்தது, மகளிர் குழுக் கடனை யார் கட்டுகிறார், வீடு யார் பெயரில் என்பதையும் எழுதுங்கள். மாமியார் மகனை விட்டுக்கொடுக்காததன் காரணம் சில சமயம் அந்தத் தாளில்தான் தெரியும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. சேர்த்து உட்காரவைப்பதற்கு முன் ஒவ்வொருவரையும் தனியாகப் பத்து நிமிடமாவது பாருங்கள். அடி உதை இருக்கிறதா, பயம் இருக்கிறதா என்று நேராகவே கேளுங்கள். இருந்தால் சேர்ந்த அமர்வு வேண்டாம். அறையில் அந்தப் பெண் சொன்ன ஒரு வரிக்கு அன்று ராத்திரி வீட்டில் அடி விழும். 2005ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டத்தின் கீழ் இருக்கும் பாதுகாப்பு அலுவலரைப் பற்றியும் 181 உதவி எண்ணைப் பற்றியும் அவரிடம் தனியாகச் சொல்லுங்கள். எதை ரகசியமாக வைப்பீர்கள், எதை வைக்க முடியாது என்பதை முதல் நாளே எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டும். குழந்தை மீதான பாலியல் குற்றம் தெரியவந்தால் 2012 போக்சோ சட்டப்படி நீங்கள் புகார் சொல்லியே ஆகவேண்டும். இதைச் சொல்லித்தராத பயிற்சி எவ்வளவு பெரிய பெயரில் நடந்தாலும் சேராதீர்கள்.

ஊர்க்கூட்டம் தோற்பது பெரும்பாலும் இடத்தில்தான். ஒரு தெருக்காரர்களின் கோயில் மண்டபத்தில் வைத்தால் இன்னொரு தெரு வராது. ஏன் வரவில்லை என்று யாரும் உங்களிடம் சொல்லவும் மாட்டார்கள். முதலில் இரண்டு மூன்று முறை கூட்டமில்லாமல் போய், பிரச்சினை வந்தால் மக்கள் முதலில் யாரிடம் போகிறார்கள் என்று கேளுங்கள்: குறி சொல்பவரா, கிராம சுகாதாரச் செவிலியரா, மகளிர் குழுத் தலைவியா? அவர்களோடு பேசி இடத்தை முடிவு செய்யுங்கள். நேரம் நூறு நாள் வேலை முடிந்த பிறகு. தலைப்பில் "குடி" என்று போட்டால் குடிப்பவர் வீட்டுப் பெண்கள் வரக் கூசுவார்கள். தூக்கம், பிள்ளைகள் படிப்பு என்று தொடங்கினால் வருவார்கள். யார் வீட்டுக் கதையையும் கூட்டத்தில் பேசவிடாதீர்கள். தனியாகப் பேச ஒரு நாளும் இடமும் அங்கேயே சொல்லிவிடுங்கள்.

பக்கத்தில் வழிநடத்த ஆள் இல்லையென்றால், அனுபவமுள்ள ஒருவர் ஆன்லைனில் சேர்ந்தாலும் போதும். உங்களைப் போல் மூன்று நான்கு கவுன்சிலர்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை கூடுங்கள். குடும்பத்தில் எல்லோரிடமும் எழுத்தில் சம்மதம் வாங்கி ஓர் அமர்வைப் பதிவு செய்யுங்கள். ஒருவர் மறுத்தாலும் பதிவு வேண்டாம். ஒரு மணி நேரத்தையும் கேட்க வேண்டியதில்லை. சண்டை தொடங்குவதற்கு முந்தைய ஐந்து நிமிடமும் பிந்தைய ஐந்து நிமிடமும் போதும். நீங்கள் எத்தனை கேள்வி கேட்டீர்கள், ஒவ்வொன்றும் யாரிடம் போனது என்று மற்றவர்கள் தாளில் கோடு போடட்டும். விவாதம் முடிந்ததும் பதிவை அழித்துவிடுங்கள். சம்மதத் தாளிலேயே அதை எழுதியும் கொடுங்கள்.