ஏற்காட்டுக் குளிர் கருமுட்டையைக் கெடுக்குமா?

சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து 36 வயது வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: "ஐவிஎஃப் சிகிச்சையில் எனக்கு 11 முட்டைகள் எடுத்தார்கள். 8 முதிர்ந்தவை, 2 'எம் 1', ஒன்று 'ஜிவி' என்றார்கள். முந்தின வாரம் ஏற்காட்டுக்குப் போய்ப் பனியில் நின்றதுதான் காரணம் என்கிறார் மாமியார். அப்படி ஆகுமா? முட்டை முதிர என்ன சாப்பிடலாம்?"

முதலில் மாமியாரின் கவலையைத் தீர்த்துவிடலாம். மலை மேலே எவ்வளவு பனி கொட்டினாலும் உங்கள் சூலகம் 37 டிகிரியை ஒட்டித்தான் இருந்திருக்கும். குளிர் ஆபத்துதான், ஆனால் உடலைவிட்டு வெளியே வந்த முட்டைக்கு. அதற்குக் காரணம் முட்டைக்குள் இருக்கும் சில புரத இழைகள்.

நீங்கள் உங்கள் அம்மா வயிற்றில் இருந்தபோதே இந்த முட்டைகள் பிரியத் தொடங்கி, பாதியில் நின்றுவிட்டன. உட்கரு அப்படியே இருந்தால் அது ஜிவி. முட்டை எடுப்பதற்குச் சுமார் 36 மணி நேரம் முன்பு போடும் ட்ரிகர் ஊசிதான் அதை எழுப்புகிறது. உட்கருவின் உறை கரையும். டியூபுலின் புரதம் நுண்குழல்களாகக் கோத்துக்கொண்டு ஸ்பிண்டில் என்ற கதிரைக் கட்டும். 23 ஜோடி குரோமோசோம்களையும் இழுத்துப் பிரிப்பது அதுதான்.

மற்ற செல்களில் கதிரின் இரு முனைகளையும் பிடித்துக்கொள்ள சென்ட்ரோசோம் உண்டு, முட்டையில் கிடையாது. எலி முட்டை சில மணி நேரத்தில் கதிரைக் கட்டிவிடும். மனித முட்டைக்குச் சுமார் 16 மணி நேரம் பிடிக்கிறது, அதற்குள் முனைகள் பிளப்பதும் கோணுவதும் சகஜம். கேஐஎஃப்சி1 என்ற புரதம் எலி, மாட்டு முட்டைகளில் கதிரைக் கட்டுக்கோப்பாக வைக்கிறது. நம் முட்டைகளில் அது மிகக் குறைவு என்று 2022இல் தெரிய வந்தது. எனவே இந்தத் தள்ளாட்டம் நம் இனத்துக்கே உரியது, உங்களுக்கு மட்டும் வந்த குறையில்லை.

அப்புறம் ஆக்டின் என்ற இன்னொரு இழைப் புரதம். இந்தப் பிரிவு ஒரு வினோதமான பாகப்பிரிவினை: குரோமோசோம்கள் சரிபாதி, மற்ற சொத்தெல்லாம் ஒருவருக்கே. அதற்குக் கதிர் முட்டையின் ஓரத்துக்கு நகர வேண்டும். எலியில் ஃபார்மின்-2, ஸ்பைர் என்ற புரதங்கள் நெய்யும் ஆக்டின் வலைதான் நகர்த்துகிறது. ஃபார்மின்-2 இல்லாத எலிகளில் கதிர் நடுவிலேயே தங்கிவிடுகிறது, குட்டிகளும் குறைகின்றன. ஓரத்தில் போலார் பாடி என்ற சின்னத் துணுக்கு வெளியேறிவிட்டால் முட்டை முதிர்ந்தது, அதாவது 'எம் 2'. உட்கரு கரைந்தும் துணுக்கு வெளியேறாதது எம் 1.

குளிர்ந்தால் நுண்குழல்கள் உதிர்ந்துவிடும். திரும்பச் சூடாக்கினாலும் கதிர் பழையபடி கூடும் என்று சொல்ல முடியாது. அதனால்தான் லேபில் மைக்ரோஸ்கோப் மேடையைக்கூடச் சூடாக வைத்திருக்கிறார்கள்.

சரி, சாப்பாடு? கதிரை வலுப்படுத்தும் என்று நிரூபிக்கப்பட்ட உணவு எதுவும் இல்லை. பவுடர், லேகியத்துக்குப் பணம் செலவழிக்காதீர்கள். வீட்டில் யாராவது புகைபிடித்தால் அதை நிறுத்துவது மேல்.

11இல் 8 நல்ல கணக்குதான், எல்லாமே முதிர்ந்து வருவது அபூர்வம். ஆனால் முதிர்ந்தது என்றால் குரோமோசோம் எண்ணிக்கை சரி என்று பொருளில்லை. குரோமோசோம்களைச் சேர்த்துக் கட்டும் கோஹீசின் வளையங்கள் நீங்கள் பிறக்கும் முன்பே போடப்பட்டவை. வயதாக ஆக அவை தளர்கின்றன. 36 வயதில் இதை மருத்துவரிடம் வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். அடுத்த சுற்று வந்தால், ட்ரிகர் ஊசி போடும்போது நுண்ணறைகள் (சூலகத்தில் முட்டை வளரும் சிறு பைகள்) எத்தனை மில்லிமீட்டர் இருந்தன, எத்தனை மணி நேரம் கழித்து எடுத்தார்கள் என்றும் கேளுங்கள். சிறிய நுண்ணறையிலிருந்து வருவது பெரும்பாலும் முதிராத முட்டைதான்.