முதல் காட்சியிலேயே ஏன் கத்த வேண்டும்?

கேள்வி: காசிமேட்டில் நண்பர்கள் சேர்ந்து நாடகம் போடுகிறோம். அப்பா விட்டுப்போன விசைப்படகை விற்க நினைக்கும் அண்ணன், விடாத தங்கை, இதுதான் கதை. முதல் காட்சியிலேயே பெரிய சண்டை வைத்தேன். ஒத்திகை பார்த்தவர்கள் "இவங்க எதுக்கு அடிச்சிக்கிறாங்க?" என்கிறார்கள். என்ன செய்யலாம்?
- ஒரு வாசகி, காசிமேடு

பதில்: இவருக்கு என்ன வேண்டும், அது கிடைத்தால் அவருக்கு எது போய்விடும், இது பார்ப்பவருக்குப் புரிந்த பிறகுதான் சத்தத்துக்கு மதிப்பு. நார்வே நாடகாசிரியர் இப்சன் 1879-இல் எழுதிய 'பொம்மை வீடு' எப்படித் தொடங்குகிறது பாருங்கள். கிறிஸ்துமஸ் சாமான்களோடு வீட்டுக்கு வரும் நோரா மக்ரூன் தின்கிறாள், கணவன் வருவதற்குள் பொட்டலத்தைப் பைக்குள் ஒளித்து வாயைத் துடைத்துக்கொள்கிறாள். அவன் வந்து கடனே வாங்கக் கூடாது என்கிறான். அப்புறம் மிட்டாய்க்கடைக்குப் போனாயா என்று கேட்கிறான், இல்லவே இல்லை என்கிறாள். யாரும் கத்தவில்லை. ஆனால் தின்பண்டத்துக்கே பொய் சொல்ல வேண்டிய வீடு இது என்று தெரிந்துவிடுகிறது, அதனால்தான் அவள் அவனுக்குத் தெரியாமல் ஏற்கெனவே பெரிய கடன் வாங்கியிருப்பது வெளிவரும்போது நமக்குப் பகீரென்கிறது.

அடுத்து, இது ஏன் இன்றைக்கு நடக்கிறது? உங்களுக்குக் கையிலேயே நாள் இருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கதையை ஜூன் 12-இல் தொடங்குங்கள். படகுக்குப் பூச தங்கை தன் காசில் பெயின்ட் டப்பா வாங்கிக்கொண்டு துறைமுகத்துக்கு வருகிறாள். அண்ணன் பக்கத்தில் தெரியாத ஆள் ஒருவர். "நம்ம கூட்டாளிதான், சும்மா வந்தான்" என்கிறான். அந்த ஆள் பலகையைத் தட்டிப் பார்க்கிறார், "இன்ஜின் கடைசியா எப்ப இறக்குனீங்க?" என்று கேட்கிறார். தங்கை டப்பாவைக் கீழே வைக்காமல் நிற்கிறாள். விற்பது என்ற பேச்சே வேண்டாம், கூட்டத்துக்குப் புரிந்துவிடும்.

அப்பா எப்படிச் செத்தார், கடன் எவ்வளவு, இதெல்லாம் பின்னால் வரட்டும், அதுவும் ஒருவரை ஒருவர் மடக்கும்போது வரட்டும். பழைய கிரேக்க நாடகாசிரியர் சோஃபோக்ளிஸின் 'ஆன்டிகனி' முதல் காட்சியில், அரசன் தடையை மீறி அண்ணனை அடக்கம் செய்யக் கூப்பிடும் ஆன்டிகனியிடம் அவள் சகோதரி இஸ்மேனே அப்பா, அம்மா, அண்ணன்கள் செத்த கதையை வரிசையாகச் சொல்கிறாள். நமக்காகச் சொல்லவில்லை, நாமும் இப்படிச் சாக வேண்டாம் என்று தடுக்கச் சொல்கிறாள். இந்த இடத்தைத் திரும்பத் திரும்பப் படியுங்கள்.

கேள்வி: தெருக்கூத்தில் கதைசொல்லியாக வரும் கட்டியங்காரன் எல்லாவற்றையும் முன்னாலேயே சொல்லிவிடுகிறாரே, நாங்கள் சொன்னால் மட்டும் குறையா?
- ஒரு வாசகர், வியாசர்பாடி

பதில்: குறையே இல்லை. பாஞ்சாலி சபைக்கு இழுத்து வரப்படுவாள் என்பது கூத்து பார்க்கிறவருக்குத் தெரியும், என்ன நடக்கும் என்பதற்காக அவர் உட்காரவில்லை. கட்டியங்காரன் சும்மா கதை சொல்லிவிட்டுப் போகவும் இல்லை, திரைக்குப் பின்னால் பாடிவிட்டு வரும் ராஜாவையே கேள்வி கேட்டு வம்புக்கு இழுக்கிறார், மோதல் அங்கேயே தொடங்கிவிடுகிறது. உங்கள் கதைசொல்லியும் அப்படி யாரையாவது சீண்டட்டும்.